கம்பத்தடியில் நிற்பவன்



திருவிழாவையொட்டி எங்கள் பங்கு இளைஞர் நடத்திய கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் அது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. எதிரணியினர் உதைத்த பந்து, கோல் காத்து நின்ற பதினைந்து வயதுச் சிறுவனின் கைகளில் பட்டு நழுவி, கோலுக்குள் உருண்டது. எங்கள் அணி தோற்றது. பரிசு வழங்க மேடையேறிய நான், "கோலுக்குக் காவலாளை வைத்தோமா, சல்லடையை வைத்தோமா?" என்று வேடிக்கையாகக் கேட்டுவிட்டேன். கூட்டம் சிரித்தது. அவனுடைய தந்தையாரும் சிரித்தார்; வீடு திரும்பும் வழியில் கடிந்தும் கொண்டாராம். அன்று முதல் அச்சிறுவன் மைதானத்தின் பக்கமே வரவில்லை.

என் வாய்ச்சொல் என்னை உறுத்திற்று. அந்நாட்களில்தான் பீட்டர் தங்கராஜ் அவர்களின் வாழ்க்கையை எண்ணிப் பார்க்கலானேன்.

1935ஆம் ஆண்டு ஐதராபாத்தில் பிறந்த தங்கராஜ், 1953இல் இராணுவத்தில் சேர்ந்து வெல்லிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையத்துக்கு வந்தார். வெல்லிங்டன் நமக்கு அயலூர்தான். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினால் குன்னூருக்கு அடுத்த நிலையம். ஆறடிக்கு மேற்பட்ட உயரமுடைய இவர் முதலில் முன்னணி ஆட்டக்காரராகவே ஆடினார்; பின்னரே கோல் காவலை ஏற்றார். அம்மையத்தின் அணி 1955லும் 1958லும் டூராண்ட் கோப்பையை வென்றது. மெல்போர்ன் (1956), ரோம் (1960) ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்ற இந்திய அணிகளிலும் தங்கராஜ் இடம் பெற்றார்.

கோல் காப்பாளர் காக்க வேண்டிய வாயிலின் அகலம் 24 அடி; உயரம் 8 அடி. முன்னணி ஆட்டக்காரர் பலமுறை குறி தவறி ஒருமுறை வென்றால் மாலை விழுகிறது. கோல் காப்பாளரோ பலமுறை காத்து ஒருமுறை தவறினால் பழி விழுகிறது. 1950ஆம் ஆண்டு உலகக் கோப்பையை முடிவு செய்த ஆட்டத்தில் பிரேசில் நாடு உருகுவேயிடம் 2-1 என்று தோற்றது. கோல் காப்பாளர் பார்போசா, 2000ஆம் ஆண்டில் இறக்கும்வரை அந்தப் பழியைச் சுமந்தார். ஒரு பந்துக்காக ஐம்பது ஆண்டுத் தண்டனை!

இனி 1962ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசியப் பந்தயத்தைப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 என்று தோற்ற நம் அணி, படிப்படியாக மேலேறி, இறுதியில் அதே தென்கொரியாவைச் சந்தித்தது. அரங்கத்தில் திரண்டிருந்த பெருங்கூட்டம் இந்தியரை ஏளனம் செய்து கூச்சலிட்டது. பி. கே. பானர்ஜியும், தலைக்காயத்தோடு ஆடிய ஜர்னெயில் சிங்கும் ஆளுக்கொரு கோல் போட்டனர். ஆட்டம் முடிய ஐந்து நிமிடமே இருக்கையில், தங்கராஜைக் கடந்து ஒரு பந்து உள்ளே சென்றது. இன்னொன்று சென்றால் வெற்றி கைநழுவும். அவர் கலங்கவில்லை, மீண்டும் கம்பங்களுக்கிடையே நிலைகொண்டார். 2-1 என்ற கணக்கில் தங்கப் பதக்கம் நமதாயிற்று. ஆசியப் பந்தயக் கால்பந்தில் இந்தியா தங்கம் வென்றது அதுவே கடைசி முறை.

அவ்வணியை உருவாக்கிய சையது அப்துல் ரகீம் ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். புற்றுநோயுற்றிருந்த அவர் மறு ஆண்டே மறைந்தார்.

கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று பெரிய சங்கங்களிலும் ஆடி, 1967இல் அர்ஜுனா விருது பெற்ற தங்கராஜ், ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின் பயிற்சியாளரானார். உருக்காலை நகரான பொகாரோவில் இளைஞரை உருவாக்கும் பணியில் ஈடுபட்டு, அங்கேயே 2008 நவம்பர் 24 அன்று காலமானார்.

கோல் காவலும் கற்றுத்தர வேண்டிய கலையே. பந்தைக் கையால் மட்டும் பிடிக்கலாகாது. உடலையும் பந்துக்கு நேர் பின்னே கொண்டுவர வேண்டும். அப்போது கை நழுவினாலும் மார்பு தடுக்கும். முழங்கையில் அடிபடாமல் பக்கவாட்டில் விழவும், விழுந்த வேகத்தில் எழவும் பழக வேண்டும். எத்தனையோ முறை விழுந்து எழுந்தவருக்கே இதைப் பிறர்க்குச் சொல்லித் தரும் பொறுமை வாய்க்கும்.

இதை எண்ணியபோதுதான் என் குற்றம் எனக்கு விளங்கிற்று. அச்சிறுவனுக்கு இவற்றில் ஒன்றையேனும் யார் கற்றுத் தந்தோம்? ஓட்டத்தில் மெதுவானவன் என்பதால் அவனைக் கம்பத்தடியில் நிறுத்தினோம், அவ்வளவே. கற்றுத் தராததைக் கேட்டோம், கிடைக்காதபோது நகைத்தோம்.

அவன் வீட்டுக்குச் சென்றேன். தாய் தந்தையர் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. தந்தையாரும் தலைகுனிந்திருந்தார். இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற எங்கள் பங்கு அன்பர் ஒருவர், மாலை வேளைகளில் கோல் காவல் பழக்க முன்வந்தார். மூன்றாம் வாரத்தில் சிறுவன் மைதானத்தின் ஓரத்தில் வந்து நின்றான். இப்பொழுது தினமும் விழுகிறான், தினமும் எழுகிறான்.

பெற்றோரே, தேர்வில் தவறிய மகனையோ, கடைக் கணக்கில் பிசகிய மகளையோ கடிந்துகொள்ள நா எழும்பும்போது, முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை நாம் எப்போது, எத்தனை பொறுமையோடு கற்றுத் தந்தோம்? அக்கேள்விக்கு விடை கிடைக்கும்வரை நம் நா சற்றே காத்திருக்கட்டும்.