சிவப்புப் புள்ளியும் சமைத்த ரீடிங்கும்

– இறுதியாண்டு மாணவன், கருவியியல் துறை



சினிமாவில் பார்த்திருப்பீங்க. ஹீரோ வசனம் பேசிக்கிட்டே இருப்பார், நெற்றியில் ஒரு சிவப்புப் புள்ளி வந்து உட்காரும். தியேட்டரே 'ஐயோ' என்று கத்தும். அதைத்தான் 'ரெட் டாட் சைட்' என்று நம்மில் முக்கால்வாசிப் பேர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அது லேசர்; எதிராளி மேல் போய் விழுகிற ஒளி. ரெட் டாட் சைட் என்பது வேறு. அதன் புள்ளி எதிரே எங்கேயும் விழாது. சுடுகிறவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

துப்பாக்கி மேல் பொருத்துகிற ஒரு சின்னக் கண்ணாடிச் சட்டம், உள்ளே ஒரு எல்.இ.டி., ஒரு பேட்டரி. அவ்வளவுதான் சரக்கு. எல்.இ.டி.யின் ஒளி வளைந்த கண்ணாடியில் பட்டு, இணைக்கதிர்களாகத் திரும்பிக் கண்ணுக்கு வருகிறது. விளக்கு குவியத்தில் இருந்தால் கதிர் இணையாகப் போகும் என்று முதலாண்டு பிசிக்ஸில் உருப்போட்டோமே, அதேதான்! அதனால் புள்ளி கண்ணாடியில் ஒட்டியிருக்காமல், தூரத்தில் இலக்கின் மேலேயே மிதப்பது போலத் தெரிகிறது. தலை கொஞ்சம் அசைந்தாலும் பெரிதாக விலகாது.

என்.சி.சி.யில் பாயிண்ட் டூ டூ ரைபிள் பிடித்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பின்னால் உள்ள துளை, முன்னால் உள்ள முனை, அதற்கப்பால் டார்கெட், மூன்றையும் ஒரே நேர்கோட்டில் வைக்கணும். ஆனால் கண் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்கும். ரெட் டாட்டில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு இலக்கைப் பார்த்தால் போதும். இந்த யோசனைக்கு 1900-லேயே பேடண்ட் வாங்கியவர் ஹோவர்ட் கிரப். டப்ளினில் டெலஸ்கோப் செய்தவர். எலக்ட்ரானிக் புள்ளியோடு கடைக்கு வந்தது 1975-இல், சுவீடனின் எய்ம்பாயிண்ட் கம்பெனி மூலம். 1990-களின் கடைசியில் அமெரிக்க ராணுவம் அதே கம்பெனியிடம் பெரிய அளவில் வாங்கத் தொடங்கியது. (ஒலிம்பிக்கில் மட்டும் இதற்கு அனுமதி இல்லை. 2024 பாரிஸில் மனு பாக்கர் வாங்கிய இரண்டு வெண்கலமும் வெறும் இரும்புக் குறியைப் பார்த்துச் சுட்டு வாங்கியவை. அந்தப் பொண்ணுக்கு ஒரு சபாஷ்!)

சரி, இதை எப்படித் தேர்ந்தெடுக்கிறது? யூடியூபைத் திறந்தால் ஆளுக்கொரு தீர்ப்பு. புள்ளி எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு, கண்ணாடி எவ்வளவு அகலம், பேட்டரி எத்தனை வருஷம் வரும், விலை என்ன... எல்லாம் தேவையான கேள்விதான், இல்லைன்னு சொல்லலை.

புள்ளியின் அளவையே எடுத்துக்கொள்வோம். அதை 'எம்.ஓ.ஏ.' என்ற கோண அலகில் சொல்வார்கள். ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. நூறு மீட்டரில் அது 2.9 செ.மீ. ஆகிறது. 2 எம்.ஓ.ஏ. புள்ளி அந்தத் தூரத்தில் 5.8 செ.மீ.யை மறைக்கும், 6 எம்.ஓ.ஏ. புள்ளி 17 செ.மீ.க்கு மேல். கிட்டத்தில் சட்டென்று பார்க்கப் பெரிய புள்ளி, தூரத்துக்குச் சின்னப் புள்ளி. பேட்டரியிலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. எய்ம்பாயிண்ட்டின் காம்ப் எம்4 ஒரே ஒரு பென்டார்ச் பேட்டரியில் 80,000 மணி நேரம் எரியும் என்பது கம்பெனிக் கணக்கு, ஒன்பது வருஷம்! லேசரை வைத்து ஹோலோகிராமை ஒளிரவைக்கிற இன்னொரு வகையில் அதில் ஒரு சின்னப் பங்குதான் வரும். கண்ணில் அஸ்டிக்மாட்டிஸம் இருந்தால் புள்ளி வால் நட்சத்திரம் மாதிரி இழுத்துத் தெரியும். செல்போன் கேமரா வழியாகப் பாருங்க. அதில் உருண்டையாகத் தெரிந்தால் கோளாறு கண்ணில், கருவியில் இல்லை.

ஆனால் இவ்வளவும் கடையில் நின்று பத்து நிமிஷத்தில் பார்க்கக்கூடியவை, அல்லது அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பவை. உயிர் போகிற விஷயம் அதில் இல்லை. அது ஒரே ஒரு கேள்வி: ஒருமுறை சரிசெய்து வைத்த புள்ளி, வைத்த இடத்திலேயே நிற்குமா?

மெட்ராலஜி லேபில் மைக்ரோமீட்டர் பிடித்திருக்கிறோம். அதன் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. கண்ணாடியின் குவியத்தூரம் 30 மி.மீ. என்று வைத்துக்கொண்டு, எல்.இ.டி. அந்த ஒரே ஒரு பிரிவு அளவுக்குப் பக்கவாட்டில் நகர்ந்ததென்றால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்க. நூறு மீட்டரில் குறி 3.3 செ.மீ. தள்ளிப்போகும். தலைமுடியை விடச் சின்ன நகர்வு! இத்தனைக்கும் உடம்பு அலுமினியம், 30 மி.மீ. அலுமினியம் 40 டிகிரி சூடேறினால் 0.028 மி.மீ. நீளும். எல்லாப் பக்கமும் ஒரே சீராக விரிந்தால் பரவாயில்லை. நடுவில் கண்ணாடி ஒரு விதமாகவும், பிளாஸ்டிக் ஒரு விதமாகவும், ஒட்டிய பசை ஒரு விதமாகவும் இழுக்குமே! லேசர் வகையில் கூடுதல் வம்பு. சூடு ஏற ஏற லேசரின் அலைநீளமே மாறும், ஹோலோகிராமில் ஒளி திரும்பும் கோணமும் கூடவே மாறும். அதை ஈடுகட்ட உள்ளேயே தனி ஏற்பாடு வேண்டும்.

இது ஏட்டுக்கணக்கு இல்லை. அமெரிக்காவில் இயோடெக் என்ற கம்பெனியின் ஹோலோகிராபிக் சைட்டுகளை அந்நாட்டு சிறப்புப் படைகள் பல வருஷம் நம்பிப் பயன்படுத்தின. கடுங்குளிரிலும் ஈரத்திலும் சரியாக வேலை செய்யும் என்று சொல்லி விற்ற சரக்கு. 2015-இல் எஃப்.பி.ஐ. தானே சோதித்துப் பார்த்தபோது, வெப்பநிலை மாறினால் புள்ளி நகர்வது தெரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் சிறப்புப் படைத் தலைமையகம் தன் வீரர்களுக்கு விட்ட எச்சரிக்கையில் சொன்ன அளவு, கூட்டியோ குறைத்தோ 4 எம்.ஓ.ஏ. நூறு மீட்டரில் 11.6 செ.மீ.; முந்நூறு மீட்டரில் 35 செ.மீ. நெஞ்சுக்குக் குறி வைத்தால் குண்டு தோளைத் தாண்டிக் காற்றில் போகும்! எதிரே நிற்பவன் பிணைக்கைதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்றால்...? நவம்பரில் தாய்க் கம்பெனி எல்-3, வழக்கை முடிக்க 2 கோடியே 56 லட்சம் டாலர் கட்டியது. அரசு வைத்த குற்றச்சாட்டு, கருவி கெட்டது என்பது மட்டுமல்ல. கெடும் என்று தெரிந்தும் வருஷக்கணக்காகச் சொல்லவில்லை என்பது. இயோடெக் பிறகு 2020-இல் கை மாறிவிட்டது.

அதனால் வாங்குகிறவருக்கு நான் சொல்வது, அட்டைப்பெட்டியை நம்பாதீங்க என்பதுதான். 2015-க்குப் பிறகு அங்கே பலர் செய்தது போல, சைட்டை ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் இரும்புக் குறியோடு ஒத்துப் பார்க்கணும். இரும்புக் குறியை எந்தக் காரணம் கொண்டும் கழற்றக் கூடாது. சைட்டின் கண்ணாடி வழியாகவே அது தெரிகிற உயரத்தில் பொருத்திக்கொண்டால், புள்ளி பொய் சொன்னால் உடனே காட்டிக் கொடுக்கும்.

"நீ துப்பாக்கி வாங்கப் போறியாடா?" என்று கேட்கிறவர்களுக்கு: இல்லை. லைசென்சும் கிடைக்காது, காசும் கிடையாது. ஆனால் குளிர்பெட்டிக்குள் ஒரு கருவியை வைத்து, ஆறு மணி நேரம் கழித்து எடுத்து, ரீடிங் எழுதிக் கையெழுத்துப் போடுகிற நாற்காலி இருக்கிறதே, உலகம் முழுக்க அதில் உட்காருகிறவர்கள் நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்கள்தான். நம்ம திருச்சியிலேயே துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கு. நாளைக்கு அங்கேயோ, பிரஷர் கேஜ் செய்கிற ஒரு பட்டறையிலோ, ஆஸ்பத்திரிக் கருவி செய்கிற இடத்திலோ அந்த நாற்காலி நமக்கு வரும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நம்ம லேபில் என்ன நடக்குது? கிராஃபில் கோடு முதலில், புள்ளி அப்புறம்! ஐந்து ரீடிங்கில் ஒன்று தள்ளி வந்தால் ரப்பர் வேலை செய்யும். சீனியர் ரெக்கார்டைப் பார்த்து 'சமைக்கிற' ரீடிங்குக்குப் பத்துக்குப் பத்து. உள்ளதை உள்ளபடி எழுதி, கோடு கோணலாய்ப் போனவனுக்கு 'ரிப்பீட்'. பையன்களை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? கோணலான ரீடிங்கை ரெக்கார்டில் பார்க்கவே சகிக்காத முறை அது. தள்ளி வந்த அந்த ஒரு புள்ளிதான் கருவி நம்மிடம் எதையோ சொல்ல வருகிற இடம்!

மாணவர் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. வருகிற பருவத்தில் துறைத்தலைவர்களைப் பார்க்கும்போது கேன்டீன், பஸ் பாஸோடு இதையும் சேர்த்துக் கேளுங்க. ஒரே ஒரு பரிசோதனை: அதே கருவியை காலை எட்டரைக்கும், ஆஸ்பெஸ்டாஸ் கூரை கொதிக்கிற மதியம் இரண்டுக்கும் அளந்து, இரண்டு ரீடிங்கையும் வித்தியாசத்தோடு இங்க்கில் எழுத வேண்டும். பென்சிலில் கூடாது. மதிப்பெண் அந்த வித்தியாசத்துக்குக் காரணம் எழுதுகிறவனுக்கு.