மாதம் ஒருமுறை கூடி வாசிப்போம்

திருச்சியில் கேட்கச் சபா உண்டு, கற்க ஆசிரியர் உண்டு. அரைகுறையாகக் கற்றவர்கள் கூடி வாசிக்கத்தான் இடம் அரிது. உகுலேலே வாசிப்பவர்களுக்கு அப்படி இடம் உண்டு. 1879இல் மதேரா தீவிலிருந்து ஹவாய்க்குக் குடியேறிய போர்த்துக்கீசியர் கொண்டுபோன சிறு தந்தி வாத்தியத்திலிருந்து பிறந்தது அந்த வாத்தியம். நான்கே தந்திகள், மூன்று கார்டு (chord) பழகியவரும் அதன் மாதாந்திரக் கூடுகைகளில் சேர்ந்து வாசிக்கலாம். இப்படிக் கூடி இசைப்பது ஸ்ரீரங்கத்துக்கு அந்நியமல்ல. மார்கழி விடியற்காலை வீதி பஜனையில் குரல்வளம் பார்த்தா ஆள் சேர்க்கிறார்கள்? ஜால்ராவைத் தாளம் தப்பாமல் தட்டினால் போதும். அரைகுறையாகக் கற்றவர்களைச் சேர்த்தால் சுருதி கெடும், தரம் தாழும் என்பார்கள் சிலர். ஆனால் திருவையாறு ஆராதனையில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை வித்வான்களோடு மாணவர்களும் அமர்ந்து பாடுகிறார்கள். அதனால் கச்சேரியின் தரம் குறைந்துவிடவில்லை. ஒரு கீர்த்தனையைத் தானே திணறிப் பாடிப் பார்த்தவருக்குத்தான் மேடையில் விழும் சங்கதியின் அருமை புரியும், அவர்தான் நாளைய ரசிகர். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலையாவது, ஒலிபெருக்கி எதுவும் இல்லாமல், சபாக்கள் தங்கள் கூடத்தை அரைகுறையாகக் கற்ற இவர்களுக்குத் திறந்துவிட வேண்டும்.