தொண்டாமுத்தூரில் யாரை யார் வென்றார்கள்?

இடைத்தேர்தல் என்றாலே ஆளுங்கட்சிதான் ஜெயிக்கும் என்பது தமிழ்நாட்டில் டீக்கடை பெஞ்சு முதல் தொலைக்காட்சி விவாதம் வரை யாரும் மறுத்துப் பேசாத தீர்ப்பு. வேட்பாளர் யார், தொகுதியில் என்ன குறை என்ற பேச்செல்லாம் ஓட்டு வித்தியாசம் எவ்வளவு என்ற கணக்கோடு முடிந்துவிடுகிறது. கொங்கு வட்டாரத்தில் இதற்குச் சாட்சி தேடினால் 2009 ஆகஸ்ட் 18 அன்று நடந்த தொண்டாமுத்தூர் இடைத்தேர்தல் தோதாகக் கிடைக்கும். ஆனால் அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தால் கதை மாறுகிறது.

2006இல் அந்தத் தொகுதியில் வென்றவர் ம.தி.மு.க.வின் மு. கண்ணப்பன், வாஜ்பாய் அரசில் மத்திய அமைச்சராக இருந்தவர். அவர் தி.மு.க.வுக்குப் போய்ப் பதவியை விட்டதால் இடம் காலியானது. தொகுதியை அன்று ஆண்ட தி.மு.க. கூட்டணிக் கட்சியான காங்கிரசுக்குக் கொடுத்தது, எம்.என். கந்தசாமி வேட்பாளரானார். அ.தி.மு.க., ம.தி.மு.க., பா.ம.க. மூன்றும் தேர்தலைப் புறக்கணித்தன. தே.மு.தி.க.வும் அப்போதுதான் பிறந்திருந்த கொங்குநாடு முன்னேற்றக் கழகமும் களத்தில் நின்றன. கந்தசாமி பெரிய வித்தியாசத்தில் வென்றார். அன்று தேர்தல் நடந்த மற்ற நான்கு தொகுதிகளும் ஆளுங்கூட்டணிக்கே போயின.

அதற்கு மூன்று மாதம் முன்பு, மே மாத மக்களவைத் தேர்தலில் கோவையில் மார்க்சிஸ்ட் கட்சியின் பி.ஆர். நடராஜனும் பொள்ளாச்சியில் அ.தி.மு.க.வின் சுகுமாரும் வென்றிருந்தார்கள். இருவருமே ஜெயலலிதா அணி. தொண்டாமுத்தூர் தொகுதியின் ஆலாந்துறைக்காரரும் நரசிபுரத்துக்காரரும் மூன்று மாதத்தில் மனம் மாறிவிட்டார்கள் என்பது நம்பக்கூடிய விளக்கமல்ல. அ.தி.மு.க.வின் இரட்டை இலையைத் தேடிப் போனவருக்கு வாக்குப்பதிவு இயந்திரத்தில் அந்தச் சின்னமே இல்லை. எதிராளி மல்லுக்கே வராத கோதாவில் கிடைத்த பட்டம் அது.

இப்படிக் கிடைத்த வெற்றிகள் ஆளுங்கட்சிக் கணக்கில் நிறையவே உண்டு. 2014 கோவை மேயர் இடைத்தேர்தலைத் தி.மு.க. புறக்கணித்தது, அ.தி.மு.க.வின் கணபதி ப. ராஜ்குமார் பா.ஜ.க.வைத் தோற்கடித்து மேயரானார். (அவரே 2024இல் தி.மு.க. சார்பில் கோவை எம்.பி. ஆனார் என்பது தனிக் கதை.) 2015இல் ஆர்.கே. நகரில் ஜெயலலிதாவை எதிர்த்துத் தி.மு.க. நிற்கவில்லை. 2024இல் விக்கிரவாண்டியிலும் 2025இல் ஈரோடு கிழக்கிலும் ஒதுங்கியது அ.தி.மு.க.வின் முறை. பிரதான எதிர்க்கட்சி நிற்காத தேர்தல்களை எல்லாம் சேர்த்து எண்ணிவிட்டு, ஆளுங்கட்சி தோற்பதே இல்லை என்பது கணக்கல்ல, கண்கட்டு வித்தை. இன்னும் மோசம், இந்த நம்பிக்கைதான் புறக்கணிப்புக்கே காரணமாகச் சொல்லப்படுகிறது. பணபலமும் அதிகாரபலமும் இருக்கும்போது நின்று என்ன பயன் என்கிறது எதிர்க்கட்சி. அது நிற்காததால் வந்த முடிவு, அடுத்த முறை நிற்காமலிருக்க ஆதாரமாகிறது.

எதிராளி மோதிய இடங்களைப் பார்த்தால் படம் வேறு. 1973இல் தி.மு.க. ஆட்சியில் நடந்த திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில் பிறந்து ஒரு வருஷம்கூட ஆகாத அ.தி.மு.க.வின் மாயத்தேவர் வென்றார்; ஆளுங்கட்சிக்கு மூன்றாமிடம். விமான விபத்தில் கே. பாலதண்டாயுதம் இறந்து காலியான கோவை மக்களவைத் தொகுதியில் 1974இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பார்வதி கிருஷ்ணன் வென்றார். அதே ஆண்டு கோவை மேற்கு சட்டமன்ற இடைத்தேர்தலில் வென்றவர் அ.தி.மு.க.வின் அரங்கநாயகம். 1989 ஜனவரியில் ஆட்சிக்கு வந்த தி.மு.க., மார்ச்சிலேயே மதுரை கிழக்கையும் மருங்காபுரியையும் இழந்தது. 2017இல் ஆர்.கே. நகரில் ஆளும் அ.தி.மு.க.வைச் சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் வீழ்த்தினார். 2019இல் 22 தொகுதிகளில் ஆளுங்கட்சிக்குக் கிடைத்தவை ஒன்பதுதான். கொங்குப் பகுதியிலேயே சூலூர் அதன் கையில் நின்றது, அரவக்குறிச்சி நிற்கவில்லை.

ஆட்சியின் பலம் பொய்யல்ல. கல்யாண மண்டபங்களில் அமைச்சர்கள் முகாமிடுவதும், பூத்துக்கு ஒரு பொறுப்பாளர் நின்று கவனிப்பதும் ஊரறிந்தவை. மீதிக் காலத்துக்கு ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. இருந்தால் ரோடாவது வரும், தோட்டத்துக்குள் யானை வந்தால் சொல்லவாவது ஆள் இருக்கும் என்று பாக்குத் தோப்புக்காரர் கணக்குப் போடுவதும் நியாயமே. 2023இல் ஈரோடு கிழக்கில் அ.தி.மு.க. நின்றும் தோற்றது. ஆனால் அந்தப் பலம் எடுபடுவது ஆளும் அணி சிதறாமலும் எதிரணி சிதறியும் இருக்கும்போதுதான். 1973லும் 2017லும் ஆளுங்கட்சி உடைந்திருந்தது; 1989இல் பிளவுபட்ட அ.தி.மு.க. ஒன்றுசேர்ந்து இரட்டை இலையை மீட்டிருந்தது.

இடைத்தேர்தல் வெற்றி வரப்போகும் காற்றைக் காட்டும் என்ற கிளை நம்பிக்கையும் தொண்டாமுத்தூரில் பலிக்கவில்லை. 2009இல் திருமங்கலம் தொடங்கி 2010 பென்னாகரம் வரை ஆளுங்கூட்டணி வரிசையாக வென்றது, பென்னாகரத்தில் அ.தி.மு.க. மூன்றாமிடத்துக்குப் போனது. 2011 பொதுத்தேர்தலில் தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 23 இடங்கள். எல்லை மாற்றி வரையப்பட்ட தொண்டாமுத்தூரில் அதே கந்தசாமி காங்கிரஸ் சார்பில் மறுபடி நின்று, அ.தி.மு.க.வின் எஸ்.பி. வேலுமணியிடம் தோற்றார்.