சிசேரியன் என்றால் துணை வேண்டாமா?

"பி.காம். படிக்கிற பையனுக்குப் பிரசவத்தைப் பற்றி என்னடா பேச்சு?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு முதலிலேயே ஒரு கும்பிடு. முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள். வீட்டுக்கு ஆட்டோ மட்டும் அனுப்பிவிடாதீர்கள் :-)

அக்காவின் வளைகாப்பு மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நடந்தது. அத்தை, சித்தி, எதிர்வீட்டு மாமி என்று நாற்பது பேர். முழங்கை வரை கண்ணாடி வளையல். "பிரசவம் வரைக்கும் கழட்டக்கூடாது" என்று ஆளாளுக்கு உத்தரவு வேறு. ரெண்டு மாதம் கழித்து ஒரு தனியார் மருத்துவமனையில் சிசேரியன் என்று முடிவானதும், நர்ஸ் அத்தனை வளையலையும் கழற்றி ஒரு கவரில் போட்டு அம்மா கையில் கொடுத்தார். தியேட்டர் கதவு சாத்தியது. நாற்பது பேரில் ஒருவர்கூட உள்ளே இல்லை.

பிறகு அக்கா சொன்னது: "வலி இல்லடா. ஆனா வயித்துக்குள்ள யாரோ துழாவுற மாதிரி இருந்துது. உடம்பெல்லாம் நடுங்குது. அவங்க டிராஃபிக் பத்திப் பேசிட்டிருக்காங்க. ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்ல."

சிசேரியன் என்றால் மயக்கத்தில் தூங்கிவிடுவார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அப்படி இல்லை. முதுகில் ஊசி போட்டு மார்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறார்கள். முகத்துக்கு முன்னால் ஒரு திரை. அவள் விழித்திருக்கிறாள். எல்லாம் காதில் விழுகிறது. இழுப்பதும் அழுத்துவதும் தெரிகிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். பிரசவத்தின்போது உறவுப் பெண் ஒருவர் கூட இருக்கலாம் என்ற திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004-லேயே கொண்டுவந்தார்கள். 2016-ல் மத்திய அரசும் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. பெண் விரும்பும் துணை கூட இருக்க வேண்டும் என்று 2018-ல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. ரொம்ப சந்தோஷம். ஆனால் இதெல்லாம் பிரசவ அறைக்கு. ஸ்ட்ரெச்சர் தியேட்டர் பக்கம் திரும்பியதும் துணை வராந்தாவில் நின்றுவிடுகிறது.

கணக்குப் பாருங்கள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் கிட்டத்தட்ட 45 சிசேரியன். தனியாரில் 64. இத்தனை தேவையா என்பது வேறு சண்டை, அதை இன்னொரு நாள் போடலாம். பாதிப் பெண்களுக்குப் பயன்படாத ஒரு உரிமையை வைத்துக்கொண்டு பெருமை பேசலாமா என்பதுதான் என் கேள்வி.

"தொற்று வருமே?" மருத்துவ மாணவர்கள் கவுனும் தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு உள்ளே போகிறார்களே, அதே கவுனைப் புருஷனுக்கும் மாட்டலாம். "ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தால்?" தலைமாட்டில், திரைக்கு இந்தப் பக்கம், ஸ்டூல் போட்டு உட்கார வையுங்கள். அவருக்குத் தெரியப்போவது அவள் முகம்தான். "ஏதாவது சிக்கலானால்?" வெளியே போகச் சொன்னால் போக வேண்டும் என்று முன்பே பேசிவிடலாம். பிரிட்டனில் திட்டமிட்ட சிசேரியனில் கணவர் பக்கத்தில் இருப்பது சர்வசாதாரணம். முழு மயக்கம் கொடுத்தால் மட்டும் வெளியே இருக்கச் சொல்வார்கள். சென்னையிலேயே சில தனியார் மருத்துவமனைகள் உள்ளே விடுகின்றன. ஆக, முடியாத காரியம் இல்லை. மனசில்லை, அவ்வளவுதான்.

எழும்பூரிலும் கோஷா ஆஸ்பத்திரியிலும் இருக்கிற கூட்டத்துக்கு இது கஷ்டம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். அங்கே குறைந்தபட்சம் ஒரு நர்ஸ் தலைமாட்டில் நின்று "இப்ப கொஞ்சம் இழுக்கிற மாதிரி இருக்கும்மா, பயப்படாதே" என்று சொல்லட்டும். இதற்கு இடமும் வேண்டாம், மெஷினும் வேண்டாம். தனியாருக்கு அந்தச் சாக்கும் கிடையாது. அக்காவின் பில்லில் பஞ்சு, கையுறை வரைக்கும் தனித்தனியாகக் கணக்கு இருந்தது. கையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் மட்டும் எந்த வரியிலும் இல்லை.

நம் வீட்டு ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அக்கா பயந்ததைச் சொன்னதும் பெரியம்மா கேட்டது: "அதான் குழந்தை நல்லா இருக்கே, அப்புறம் என்ன?" அத்தோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். குழந்தை நன்றாக இருப்பது சந்தோஷம்தான். அதற்காக அம்மா பயந்தது பொய்யாகிவிடுமா?

அதனால் மக்களே, வீட்டில் யாருக்காவது தேதி குறித்திருந்தால், பேக்கேஜ் எவ்வளவு என்று கேட்கிற அதே மூச்சில் "உள்ளே ஒருத்தர் கூட இருக்கலாமா?" என்றும் டாக்டரிடம் கேளுங்கள். யார் வேண்டும் என்று முதலில் அவளைக் கேளுங்கள். நாங்கள் ரெண்டையும் கேட்கவில்லை. வளையல் கவரை வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தோம்.