எதிர்நோக்கு என்பது பொறுத்துப்போவதல்ல: இராமநாதபுரம் கடற்கரையும் தலித் கிறிஸ்தவர் உரிமையும்

கத்தோலிக்கத் திருச்சபை 2025ஆம் ஆண்டை எதிர்நோக்கின் யூபிலி ஆண்டாகக் கொண்டாடியது. அந்த யூபிலி 2024 டிசம்பர் 24 அன்று வத்திக்கானில் தொடங்கியது. அதற்கு ஒரு மாதம் முன்பு, புதுச்சேரியைச் சேர்ந்த திருமுழுக்குப் பெற்ற ஒரு பெண் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரிய வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிறிஸ்தவ நம்பிக்கையைப் பின்பற்றிக்கொண்டே வேலைவாய்ப்புக்காக இந்து என உரிமை கோருவது அரசமைப்புச் சட்டத்துக்கு இழைக்கும் மோசடி என்றது அத்தீர்ப்பு. துன்பத்திலும் எதிர்நோக்கை இழக்காதீர்கள் என்கிறது திருச்சபை. திருமுழுக்குக்குப் பின் உங்களுக்குச் சாதித் துன்பமே இல்லை என்கிறது சட்டம். இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும் மக்களைப் பற்றியே நாம் பேச வேண்டியிருக்கிறது.

பட்டியலில் பெயர் உண்டு, உரிமை இல்லை

இராமேஸ்வரம் தீவிலும் அதையொட்டிய கடற்கரையிலும் வாழும் கடையர் சமூகத்தை எடுத்துக்கொள்வோம். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுப்பு, சிப்பி பொறுக்கிச் சுண்ணாம்பு சுடுவோர் என்றும், முத்துக் குளிப்போரில் ஒரு பகுதியினர் என்றும் இவர்களைக் குறிப்பிடுகிறது. மதுரை, திருநெல்வேலிக் கடற்கரைகளில் இவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்களே என்றும், பரவரைப் போலப் புனித பிரான்சிஸ் சவேரியாரின் பணியால் மதம் மாறியவர்களாகச் சொல்லப்படுகிறது என்றும் அது பதிவு செய்கிறது. சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542இல். இட ஒதுக்கீடு என்ற சொல்லே பிறக்காத காலம் அது. சலுகைக்காக மதம் மாறினார்கள் என்ற வாதம் இக்கடற்கரையில் ஒரு கணமும் நிற்காது.

தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் ‘கடையன்’ என்ற பெயர் உண்டு. தேவேந்திரகுல வேளாளர் என்ற பொதுப்பெயரை ஏற்ற 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், இராமநாதபுரம் உள்ளிட்ட மாவட்டங்களின் கடலோரப் பகுதிகளில் வாழும் கடையரை மட்டும் தனிப் பதிவாகவே வைத்தது. ஊரையும் கரையையும் பிரித்தறியும் அளவுக்கு இச்சமூகத்தை நாடாளுமன்றம் நுணுக்கமாக அறிந்திருக்கிறது. ஆனால் அந்தச் சமூகத்தின் கிறிஸ்தவருக்கு அந்தப் பதிவால் பயனில்லை. ஒரே பாட்டனின் இரு பேரர்களில் ஒருவர் இந்து, மற்றவர் கிறிஸ்தவர் என்றால், முன்னவர் பட்டியல் சாதி. பின்னவர் மாநிலப் பட்டியலில் பிற்படுத்தப்பட்டவர். தனித்தொகுதியான பரமக்குடியில் முன்னவர் போட்டியிடலாம். பின்னவர் வாக்களிக்க மட்டுமே முடியும். சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தப்பட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் முன்னவருக்கே துணை நிற்கும். கிறிஸ்தவப் போதகர் ஒருவருக்கு அச்சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என 2025இல் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் கூறியது. இழிவுபடுத்துகிறவர் மதம் பார்ப்பதில்லை, சட்டம் பார்க்கிறது.

இதன் வேர் 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி. இந்துவல்லாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்ற அந்த விதி, 1956இல் சீக்கியருக்காகவும் 1990இல் பௌத்தருக்காகவும் தளர்த்தப்பட்டது. கிறிஸ்தவருக்கும் இசுலாமியருக்கும் மட்டும் அது அப்படியே இருக்கிறது. மதத்தைப் பட்டியலிலிருந்து பிரிக்க வேண்டுமென ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது, நடவடிக்கை இல்லை. 2004இல் தொடுக்கப்பட்ட ரிட் மனு இருபது ஆண்டுகளைக் கடந்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டு, அதன் காலமும் நீட்டிக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதி உரிமை கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. ‘மதம் மாறிய கிறித்துவ ஆதிதிராவிடர்’ என்ற சொல்லைக் கல்வி உதவித்தொகை அறிவிப்புகளில் மாநில அரசே எழுதுகிறது. சாதி மதம் மாறிய பின்னும் தொடர்கிறது என்பதற்கு அரசு தன் கைப்பட எழுதித் தரும் ஒப்புதல் அது.

நீதிமன்றம் கேட்ட சான்று

1985இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம் முற்றாக மறுத்துவிடவில்லை. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் ஒருவர், இந்துத் தொழிலாளருக்குத் தரப்பட்ட இலவசக் கடை தனக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு அது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டுவது மட்டும் போதாது. கிறிஸ்தவச் சமூகத்துக்குள்ளும் அதே அளவுக் கொடிய இழிவுகள் நீடிப்பதை நிறுவ வேண்டும் என்றது நீதிமன்றம்.

அந்தச் சான்று யாரிடம் இருக்கிறது? திருச்சபையிடமே இருக்கிறது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றும், அவர்கள் சபைக்குள்ளேயே பாகுபாட்டுக்கு உள்ளாகிறார்கள் என்றும் ஒப்புக்கொண்டது. 2003இல் தமிழக ஆயர்களிடம் பேசிய திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலும் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். தனிக் கல்லறை, தனித் தேர் பற்றி நாம் அறியாத மாவட்டம் தமிழகத்தில் இல்லை. இவற்றைப் பங்கு வாரியாக எழுதி, கையொப்பமிட்டு, ஆணையத்தின் முன்பும் நீதிமன்றத்தின் முன்பும் வைக்க வேண்டிய கடமை மறைமாவட்டங்களுக்கு உண்டு. தன் மீதான குற்றச்சாட்டைத் தானே பதிவு செய்ய ஒரு நிறுவனம் தயங்கும். பாவ அறிக்கையை அருள்சாதனமாகப் போற்றும் சபை தயங்கலாகாது.

ஓரியூர் சொல்வது

உரோமையருக்கு எழுதிய மடலில் பவுல் ஒரு வரிசையைத் தருகிறார்: முதலில் துன்பம், அடுத்து மனஉறுதி, பின் தகைமை, இறுதியில் எதிர்நோக்கு. மறையுரைகளில் பல வேளைகளில் நடுவிலுள்ள இரண்டும் காணாமற்போய், துன்பத்தைச் சகித்தால் எதிர்நோக்கு வரும் என்றாகிவிடுகிறது. ஒடுக்கப்பட்டவரிடம் இப்படிச் சொல்வது ஒடுக்குகிறவருக்கு உதவுகிறது.

இம்மாவட்டத்தின் ஓரியூர் நினைவு வேறு பாடம் தருகிறது. அருளானந்தர் என்ற ஜான் தெ பிரிட்டோ, 1686இல் சிறைபிடிக்கப்பட்டு வதைக்கப்பட்டு, இந்நாட்டில் போதிக்கக் கூடாது என்ற தடையோடு விடுவிக்கப்பட்டார். அவர் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். திருப்பயணிகள் இன்றும் அவ்வூரின் செம்மண்ணை எடுத்துச் செல்கிறார்கள். ஒடுக்கப்பட்ட சாதியினரோடும் பழகுவதற்காகப் பண்டாரசாமியாக வாழ்ந்தவர் அவர். பிராமணருக்கு ஒரு வகைத் துறவி, மற்றவருக்கு ஒரு வகைத் துறவி என்று மதுரை மிஷன் பிரித்ததே சபைக்குள் சாதி நுழைந்த வழிகளில் ஒன்று என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் வாழ்வில் மனஉறுதிக்குப் பொருள் ஒன்றுதான்: தடுக்கப்பட்ட இடத்துக்குத் திரும்பிச் செல்வது.

எழுபது ஆண்டுகளுக்கு மேலாக மனு, ஆணையம், தீர்ப்பு, மீண்டும் மனு என்று தலித் கிறிஸ்தவர்கள் செய்துவருவதும் இதுவே. மதம் மாறியவர்களுக்குள் கடையர் போன்ற கடலோரச் சமூகங்களின் குரல் இவ்வழக்குகளில் இன்னும் போதிய அளவு கேட்கப்படவில்லை. சட்டம் பயிலும் மாணவர்கள் பாம்பன், தங்கச்சிமடம், இராமேஸ்வரம் பகுதிகளுக்குச் சென்று, சான்றிதழ் மறுக்கப்பட்ட ஆணைகளையும் பங்குப் பதிவேடுகளையும் முதியோரின் வாக்குமூலங்களையும் தொகுக்கலாம். சூசை வழக்கில் இல்லாமற்போனது இத்தகைய ஆவணங்களே. அடுத்த முறை நீதிமன்றம் சான்று கேட்கும்போது நம் கையில் அது இருக்க வேண்டும்.