கடலுக்கு ஓய்வு உண்டு, அவளுக்கு?

"உங்களுக்காக நேரம் ஒதுக்குங்கள், குற்றவுணர்ச்சியை உதறுங்கள்" என்று பெண்களுக்குச் சொல்லும் கட்டுரைகள் பெருகிவிட்டன. பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பாசி பறிப்பவர்கள் அவர்கள். மாதத்துக்கு 12 நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்தார்கள்; பாசி மறுபடி வளர வேண்டுமே. அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசும் கிடைத்தது. கடலுக்கு ஓய்வு வந்தது. பறித்த கைக்கு? மீதி நாட்களில் தண்ணீர், அடுப்பு, பிள்ளைகள். கொஞ்சம் சாய்ந்தால், "பட்டப்பகல்ல என்ன படுக்கை?" என்று வீடு கேட்கும்.

மூச்சுப்பயிற்சியில் போகிற குற்றவுணர்ச்சியா இது? ஒருவன் உட்கார்ந்து தின்ன, இன்னொருவன் ஓயாமல் உழைக்க என்று பிறப்பைக் காட்டிப் பங்கு பிரித்தது சாதி. வீட்டுக்குள் அதே பங்கைப் பிரிக்கிறது குடும்பம். சாதிக்கு எதிராகப் பேசும் நம் வீடுகளிலும்தான்.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகாலச் சலுகை மசோதாவை ஆதரித்த அம்பேத்கர், ஆலைப் பெண்களிடம் மனதை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. பணத்தோடு ஓய்வு கேட்டார், அந்தச் செலவில் அரசுக்கும் பங்குண்டு என்றார்.

பாசிப் பெண்களுக்கும் அதைத்தான் கேட்க வேண்டும்: கடலுக்குப் போகாத நாட்களுக்கு அவரவர் பெயரில் நிவாரணம். அதுவரை, தோழர், அடுப்படிப் பக்கம் கொஞ்சம் போய்வாருங்கள்.