பல்லில் கடித்த பறி



இந்த இதழின் அட்டைப் படம் முடிவாவதற்குள் நான்கு நாள் இழுத்துவிட்டது. அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. இத்தனைக்கும் காரணம் இரண்டெழுத்துச் சொல் ஒன்று: பறி.

பழவேற்காடு ஏரியோரக் கிராமங்களுக்கான சிறப்பிதழ் இது. அங்கே கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் இருக்கிறார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. தண்ணீரில் இறங்கிக் குனிந்து, அடிச்சேற்றைக் கையால் துழாவிக்கொண்டே நகர்வார்கள். விரலில் இறால் தட்டுப்பட்டதும் அமுக்கிப் பிடித்துவிட வேண்டும். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால், பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பனையோலைப் பையைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அந்தப் பைதான் பறி.

அங்கேயுள்ள காட்டூர்ப் பக்கம் போய் எங்கள் புகைப்படக்காரர் எடுத்து வந்த படங்களில் எதிர்வெயில் அடித்திருந்தது. முகமே தெரியவில்லை. "சாட்பாட்கிட்ட வரையச் சொல்லிப் பாப்போமா சார்?" என்றார் வடிவமைப்பாளர் தம்பி. அட்டைக்கு வேண்டாம், சும்மா பார்ப்போம் என்றேன். சும்மா என்று ஆரம்பித்ததில்தான் ஒரு மாலை முழுக்கப் போனது.

சாட்பாட்களில் பல 'மோடு'கள் இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2023 மார்ச்சில் மைக்ரோசாஃப்டின் பிங் சாட்டில் படைப்பு, சமநிலை, துல்லியம் என்று மூன்று வைத்தார்கள். படம் வரையும் வசதி முதலில் படைப்பு மோடுக்குத்தான் வந்தது. இப்போது பெயர்கள் மாறிவிட்டன. உடனே வரைந்து தருவது, யோசித்து வரைந்து தருவது, நாம் கொடுக்கும் படத்தைத் திருத்தித் தருவது என்று மூன்று விதமாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் இரண்டிலும் ஒரே வரியைத் தட்டினோம்: 'பழவேற்காடு ஏரியில் பறியைப் பல்லில் கடித்தபடி கையால் இறால் பிடிக்கும் பெண்.'

வேக மோடில், கையிலிருந்த டீயை ஒரு வாய் குடிப்பதற்குள் படம் வந்துவிட்டது. தென்னை மரங்கள் சூழ்ந்த ஏரி. ஒரு பெண் சிரித்த முகமாகத் தாமரை பறித்துக்கொண்டிருந்தாள். 'பறி' என்றதும் பறிக்கப் போய்விட்டது போலும். உப்புத் தண்ணீரில் தாமரை!

யோசிக்கும் மோடு ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டது. நாம் எழுதிய ஒரு வரியை அதுவே பத்து வரியாக விரித்து எழுதிக்கொண்டு, அதன்பின் வரைகிறது. அதற்குப் பலன் இருந்தது. தென்னை போய்ப் பனை வந்தது, தூரத்தில் பூநாரைகள் வந்தன. ஆனால் பறி, மூங்கில் கூடையாகித் தலையில் ஏறிவிட்டது. பல்லுக்கு எதையாவது கொடுக்க வேண்டுமே? ஒரு இறாலைக் கொடுத்திருந்தது.

மூன்றாவதில் எங்கள் புகைப்படத்தையே கொடுத்து, முகத்துக்கு மட்டும் வெளிச்சம் கூட்டச் சொன்னோம். கூட்டியது. கூடவே வயதில் இருபதைக் குறைத்து, சேலையைக் கஞ்சி போட்டுத் தேய்த்தும் கொடுத்தது. ஆனால் பறி மட்டும் ஓலைப் பின்னல்கூடக் கலையாமல் அப்படியே இருந்தது. கண்ணால் பார்த்ததை அது கோட்டைவிடவில்லை.

சரி என்று யோசிக்கும் மோடுக்கே திரும்பினோம். 'பறி என்பது பனையோலையில் பின்னிய சின்னப் பை. அதன் விளிம்பைப் பல்லால் கடித்திருக்கிறாள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்கின்றன' என்று விளக்கினோம். கிட்டத்தட்டச் சரியாக வந்தது. தம்பிக்கு ஆசை விடவில்லை, மீனவர்களின் 'பாடு' நடப்பதை வரையச் சொன்னார். ஏரியில் எந்த இடத்தில், யார், எந்த முறையில் வலை போடுவது என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாட்டைத்தான் அங்கே பாடு என்பார்கள். படகில் நின்று நான்கு பேர் வாய் நிறையப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

சிரிப்போடு சேர்ந்து ஒரு உறுத்தலும் வந்தது. இந்த இயந்திரங்கள் படத்தையும் அதனுடன் எழுதியிருக்கும் விளக்கத்தையும் சேர்த்துப் பார்த்துக் கற்றவை. 2022-ல் லயான் என்ற அமைப்பு இதற்காகவே வெளியிட்ட ஒரு தொகுப்பில் சுமார் 585 கோடி படங்களின் இணைய முகவரிகளும் அவற்றின் விளக்கங்களும் இருந்தன. ஆங்கில விளக்கம் உள்ளவை மட்டும் 230 கோடிக்கு மேல். மொழி அடையாளம் தெரிந்தவற்றில், நூற்றுக்கும் மேற்பட்ட மற்ற மொழிகள் எல்லாம் சேர்ந்தே 220 கோடி சொச்சம். அந்தக் கூட்டத்தில் நம் பறிக்கு எங்கே இடம்? பழவேற்காட்டுத் துணி கப்பலேறியதால் 'புலிகாட்' என்ற ஊர்ப்பெயரும் கூடவே போனது. மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட கைலியை இன்றும் 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். பறியோ பக்கத்து ஊரான பொன்னேரிக்குப் போகும் பேருந்தைக்கூடத் தாண்டவில்லை. எழுதி வைக்காதது நம் பிழை.

மறுநாள் காட்டூருக்குப் போய், படத்தில் இருக்கும் அம்மாவிடமே போனைக் கொடுத்தேன். தாமரைக்காரியைப் பார்த்து, "இன்னா சார், சினிமாக்காரியா?" என்றார். இறாலைக் கடித்தவளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். இருபது வயது குறைந்த தன் முகத்தில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார்.

"தண்ணியில நிக்கிறா, சேல நனையவே இல்லியே."

பிறகு தன் கையை நீட்டிக் காட்டினார். சேற்றில் கிடக்கும் மட்டி ஓடுகள் கிழித்த கீறல்கள், பழையதும் புதியதுமாக. போனில் இருந்த கையில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. கடைசியாக எங்கள் புகைப்படக்காரர் எடுத்த, முகம் இருண்ட படத்தைக் காட்டினேன். "இதான் நானு" என்றார்.

"முகம் தெரியலையேம்மா?"

"குனிஞ்சா எப்பிடித் தெரியும்?"

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில், உங்கள் வீட்டுத் தொழிலில், அகராதியைத் திறந்தாலும் விளங்காத சொற்கள் இருக்கும். தறியில், உப்பளத்தில், பனங்காட்டில், சூளையில். ஒரு சொல்லும், அந்தப் பொருளின் படமும், அது என்ன வேலைக்கு என்று இரண்டு வரியும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து அதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். என்றைக்காவது இயந்திரங்களும் படித்துக்கொள்ளட்டும். முதலில் நம் பேரப்பிள்ளைகள் படிக்கட்டும்.

அட்டையில் முகம் சரியாகத் தெரியவில்லையே என்று கடிதம் எழுத நினைப்பவர்கள், ஒரு முறை கையைப் பாருங்கள். சேலையையும் பாருங்கள். நனைந்திருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்